பஞ்சு வைத்த டப்பா

மதுரைக்குப் போகும் காலை ரயிலில் அந்தத் தாயும் மகனும் ராஜபாளையத்திலேயே ஏறிவிடுவார்கள். நானும் என் மகனும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறும்போது ஜன்னலோரம் எங்களுக்காக ஒரு துண்டு விரித்திருக்கும். அந்தத் துண்டைப் பார்த்து நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். என் கண் அதற்குப் போகாது. மேலே சாமான் பலகையில் இருக்கும் பைகளுக்குத்தான் போகும். ஆரஞ்சு, மாதுளை, சத்துமாவு டப்பா, யாரோ வீட்டில் கிளறிக் கொடுத்த பேரீச்சம்பழ அல்வா. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கடைப் பைகள். அதாவது வேறு வேறு ஆட்கள் கொடுத்தவை.

அவள் என்னைவிடச் சின்னவள். கணவர் ராஜபாளையம் பஜாரில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். கீமோ வார்டில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் எங்கள் பிள்ளைகளை உட்காரவைத்தபோது பழக்கம். என் மகனுக்கும் அவள் மகனுக்கும் ஒரே நோய். நிணநீர் முடிச்சுகளில் தொடங்கும் ரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் லிம்போமா என்பார்கள். ஒரே டாக்டர், ஒரே சிவப்பு மருந்து, முடி கொட்டியதுகூட ஏறக்குறைய ஒரே வாரத்தில். வித்தியாசம் ஒன்றுதான். அவள் மகனுக்கு அது மட்டும் இருந்தது. என் மகனுக்கு அதற்கு முன்பே, பிறந்ததிலிருந்தே, எச்.ஐ.வி. இருந்தது. எனக்கும் இருக்கிறது. அவன் அப்பாவுக்கும் இருந்தது.

அவள் தன் மகனுக்கு வந்த நோயை ரயிலில் டீ விற்கிறவரிடமே சொல்வாள். அவர் தன் மச்சானுக்கு இருந்து குணமான கதையைச் சொல்வார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் அவள் மகன் பெயரைச் சொல்லி துஆ கேட்டார்கள் என்று ஒரு நாள் சொன்னாள். அன்று மதுரை வரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை பேர் கூடி ஒரு பிள்ளையின் பெயரைச் சத்தமாகச் சொல்லியிருக்கிறார்கள். நானும் ஆண்டாள் சந்நிதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டி மகனின் பெயரும் நட்சத்திரமும் சொல்வேன். பட்டர் பிறந்தநாளா என்று கேட்பார், ஆமாம் என்பேன். அந்த வருடம் என் மகனுக்கு நிறையப் பிறந்தநாள்கள் வந்தன.

எங்கள் எச்.ஐ.வி. மாத்திரையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அரசு ஏ.ஆர்.டி. சென்டரில் இலவசமாகத் தருகிறார்கள். தினமும் ஒன்று, ஆயுள் முழுக்க. அது வருகிற வெள்ளை பிளாஸ்டிக் டப்பா நடக்கும்போது கைப்பைக்குள் கலகலவென்று சத்தம் போடும். எங்களைப் போன்றவர்களுக்கு நோயைவிட அந்தச் சத்தத்தின் மேல்தான் பயம். சிலர் சென்டர் வாசலிலேயே மாத்திரைகளைக் கவரில் கொட்டிக்கொண்டு டப்பாவைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். என் வழி வேறு. ராஜபாளையத்தை அடுத்த ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் பகுதியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே பஞ்சுக்குக் குறைவில்லை. லேபிளைக் கிழித்துவிட்டு, பஞ்சை விசிறிபோல் முன்னும் பின்னுமாக மடித்து, டப்பாவின் மேல்பாதியில் அடைத்து, ஓரத்தைச் சுண்டுவிரலால் உள்ளே செருகிவிடுவேன். கம்பெனியில் மடிக்கிற மடிப்பு அது. பிறகு டப்பாவைக் குலுக்கினாலும் சத்தம் வராது.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் நானும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொன்று விழுங்குவோம். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது துப்பிவிடுவானோ என்று நாக்கை நீட்டிக் காட்டச் சொல்வேன். மீசை முளைத்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. விழுங்கிவிட்டு, என்னைக் கேலி செய்வதற்காகவே நாக்கை முழுசாக நீட்டுவான். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் நாள் முழுதும் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். இன்னொருவருக்கு அதில் இடமில்லை.

கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில் மட்டும் அவன் நாக்கைப் பார்க்க நான் இல்லை. அறைக்கு நாலு பேர். மறைத்துப் போட வசதியில்லாமல் மாதக் கணக்கில் மாத்திரையை விட்டிருக்கிறான். பிறகு தெரியவந்து, திரும்பத் தொடங்கி, உடம்பு தேறியது. படிப்பு முடிந்து ராஜபாளையத்தில் ஒரு பைக் ஷோரூமில் வேலைக்கும் சேர்ந்துவிட்டான். அதற்குப் பிறகுதான் கழுத்தில் அந்தக் கட்டி வந்தது. கூடவே காய்ச்சல், பனியன் நனைகிற வியர்வை. எங்களுக்குக் கழுத்தில் கட்டி என்றால் முதலில் காசநோயைத்தான் நினைப்பார்கள். அதுவாகவே இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். சதை எடுத்துப் பரிசோதித்தபோது அது இல்லை என்று தெரிந்தது.

இந்தக் கிருமி இருக்கிறவர்களுக்கு லிம்போமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்று மதுரை டாக்டர் விளக்கினார். வந்தாலும், மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே கீமோவை வாங்கிக்கொண்டு குணமாகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு என் மகனைப் பார்த்துச் சொன்னார்.

“புற்றை நாங்க பாத்துக்கிறோம். உங்க பழைய மாத்திரையை நீங்க பாத்துக்கணும். அது ஒரு நாள்கூட நிக்கக் கூடாது. நின்னா, இந்த மருந்தை உடம்பு தாங்காது.”

ரெண்டும் சேர்ந்து நடந்தால்தான் பிள்ளை பிழைப்பான். எனக்கு அது அன்றே விளங்கிவிட்டது.

ஆனால் கீமோ தொடங்கிய பிறகு ஒரு நாள், ஊருக்குத் திரும்பும் வழியில் என் மனசுக்குள் வேறொன்று ஓடியது. இந்த நோயைச் சொல்லலாமே என்பதுதான் அது. இத்தனை வருடம் எங்கள் வீட்டில் இருந்த நோய்க்குப் பெயர் சொல்ல முடியாது. காய்ச்சல் என்போம், வயிறு சரியில்லை என்போம். இதற்கு எல்லாரும் அறிந்த பெயர் இருக்கிறது. சொன்னால் முகத்தைத் திருப்ப மாட்டார்கள், பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள். செருப்புக் கடைக்காரர் வீட்டுக்கு வரவில்லையா?

தளவாய்புரத்தில் இருக்கும் மதினிக்குப் போன் செய்தேன். என் கணவரின் அக்கா. தம்பி இறந்த பிறகு எங்களோடு பேச்சுவார்த்தை அவ்வளவாக இல்லை. மகனுக்குப் புற்றுநோய் என்று சொன்னதும் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது என்று சொன்னால் படிக்கிறவர்கள் என்னை எப்படி நினைப்பார்களோ தெரியாது.

பிறகு வந்தார்கள். மதினி வந்தார், அவர் மருமகள்கள் வந்தார்கள், கணவர் வழிச் சொந்தங்கள் கூமாப்பட்டியிலிருந்து வேன் பிடித்து, தேங்காயும் கொய்யாவும் கட்டிக்கொண்டு வந்தார்கள். கம்பெனியிலிருந்து பெண்கள் ஷிப்டு முடிந்து வந்தார்கள். எங்கள் வாசலில் அவ்வளவு செருப்புகளை நான் பார்த்ததே இல்லை. அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஓரமாக ஒதுக்கிவைக்கலாம், மாட்டேன். தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

அடுத்த தடவை ரயிலில் ஏறியதும் நானும் ஒரு பழப்பையைப் பலகையில் வைத்தேன். அவள் பைகளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் முன்னால் தள்ளி.

“நேத்து கூமாப்பட்டிலருந்து வேன் வச்சு வந்துட்டாக. உக்கார வைக்க எடமில்ல” என்றேன்.

“வாரவுகள எங்க தடுக்க முடியுதுக்கா” என்றாள் அவள்.

அதையும் அவள் பெருமையாகச் சொல்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். தடுக்க முடியாத அளவுக்கு இன்னும் அவளுக்கு ஆட்கள் வருகிறார்கள்.

மதினி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். தளவாய்புரத்தில் அவருக்கு நைட்டி தைக்கிற தொழில். வெட்டிய துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து, கையால் செய்கிற வேலைகளை இங்கே உட்கார்ந்து செய்தார். நான் வேலைக்குப் போன நேரத்தில் கஞ்சி காய்ச்சினார். அவனுக்கு வாய்ப்புண் வந்தபோது நெய் தடவினார். ஆஸ்பத்திரியில் தந்த மாத்திரைகள் எல்லாவற்றையும் ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டுத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். அவர் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் மாத்திரை, இல்லாவிட்டால் இல்லை. வயதில் மூத்தவர், உதவிக்கு வந்தவர். நான் என்ன சொல்ல முடியும்?

ஒரு நாள் நான் கம்பெனியிலிருந்து வரும்போது இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். “ஏலே மருமகனே, முழுங்கிட்டியா, இல்ல கொடுப்புல ஒதுக்கி வச்சிருக்கியா? வாயத் தொற பாப்பம்” என்றார் மதினி. அவன் நாக்கை நீட்டிக் காட்டினான். முழுசாக, எனக்குக் காட்டுவதுபோலவே.

நான் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். செருப்புக் கடைக்காரர் மனைவிமேல் எனக்கு வந்தது ஒரு மாதிரிப் பொறாமை. இது வேறு. இது நெஞ்சுக்குள் எரிந்தது. அன்று இரவு ரசத்தில் உப்புக் கூடிவிட்டது என்று மதினி சொன்னபோது, தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

மதினி இருக்கும்போது நாங்கள் எதிரெதிரே உட்கார முடியவில்லை. என் மாத்திரையைக் குளியலறைக்குள் போய்ப் போட்டுக்கொண்டேன். அவன் டப்பாவை அவனே தோள்பையில் வைத்துக்கொள்வதாகவும், சமயம் பார்த்துப் போட்டுக்கொள்வதாகவும் சொன்னான். ஒவ்வொரு நாளும் கண்ணால் கேட்பேன், போட்டாச்சு என்று தலையசைப்பான். கீமோவும் நடந்தது, கட்டியும் சின்னதாகிக்கொண்டு வந்தது. எல்லாம் கூடிவருகிறது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த டப்பா வாங்க சென்டருக்குப் போகவேண்டிய நாள் நெருங்கியது. மிச்சம் எத்தனை இருக்கிறது என்று பார்க்க அவன் தோள்பையைத் திறந்து, டப்பாவின் மூடியைத் திருகினேன். பஞ்சு இருந்தது. விசிறி மடிப்பு. கலையவே இல்லை. சுண்டுவிரலால் நான் உள்ளே செருகிய ஓரம் செருகியபடியே இருந்தது. மதினி வந்த வாரம் நான் அடைத்துக் கொடுத்த டப்பா அது. ஒரு தடவை எடுத்துவிட்டு அவன் திரும்ப வைத்திருந்தால் பஞ்சு உருண்டையாகக் கசங்கியிருக்கும். அவனுக்கு அந்த மடிப்பு வராது.

கூடத்தில் கூமாப்பட்டிக்காரர்கள் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் டப்பாவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். வெயில் தாழ்ந்த பிறகு அவன் அங்கேதான் உட்கார்ந்திருப்பான், செண்பகத்தோப்புப் பக்கம் மலையைப் பார்த்துக்கொண்டு.

“போடலையா?” என்றேன்.

டப்பாவைப் பார்த்தான். “இல்லம்மா.”

“ஏம்லே?”

“அத்த பாத்துக்கிட்டே இருக்காக. எந்நேரமும் ஆளு. இது எதுக்குன்னு கேட்டா என்னன்னு சொல்ல?”

“எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல.”

அவன் தலையைத் தடவிக்கொண்டான். முடியில்லாத தலை. “சொன்னா அவியள அனுப்பிருவ. ஆளுக வந்தா ஒம் மொகம் எப்படி ஆகுதுன்னு நீ பாத்ததில்ல. நானே இப்பத்தான் பாக்கேன்.”

கீழே யாரோ சிரித்தார்கள். வாசலில் கிடந்த செருப்புகள் மாடியிலிருந்தும் தெரிந்தன. அத்தனையையும் அள்ளித் தெருவில் வீச வேண்டும்போல இருந்தது.

சென்டரில் எங்களுக்கு ஆலோசனை சொல்லும் பெண்ணுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். அவர் திட்டவில்லை. இன்றைக்கே போடட்டும், நாளைக்கு டாக்டரிடம் வந்து ரத்தத்தில் கிருமியின் அளவைப் பாருங்கள் என்றார். இரவில் ஆட்கள் இருந்தால் காலைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். இதை முன்பே கேட்டிருந்தால் என்று தோன்றியது. ஆனால் காலைக்கு மாற்றினாலும் மதினி காலையிலும் இருப்பார்.

வந்தவர்கள் போன பிறகு, விளக்கு வைத்த நேரம். மதினி ஒரு நைட்டிக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். நான் என் டப்பாவையும் அவன் டப்பாவையும் அவர் முன்னால் தரையில் வைத்தேன். பஞ்சை எடுத்துவிட்டிருந்ததால் வைக்கும்போது சத்தம் கேட்டது. மகன் சுவரில் சாய்ந்து நின்றான்.

“மதினி, இது எங்க ரெண்டு பேருக்கும் உள்ள மாத்திரை. தெனமும் போடணும். இது நின்னா அவனுக்குக் கீமோ ஏறாது” என்றேன். என்ன நோய் என்பதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல இருந்தது.

மதினி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். துணியை மடியில் மடித்து வைத்தார். மடித்ததைப் பிரித்துத் திரும்ப மடித்தார்.

“எந் தம்பி இருந்தப்ப இந்த மாத்திர இருந்துச்சா?”

“இருந்துச்சு மதினி.”

“பொறவு?”

“கொஞ்ச நாள் போட்டாக. யாராச்சும் பாத்துருவாகளோன்னு விட்டுட்டாக.”

“யாரு பாத்துருவாகளோன்னு?”

அப்போது நாங்கள் எல்லாரும் தளவாய்புரத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். அது அவருக்கும் தெரியும். “நம்ம எல்லாரும்தான், மதினி” என்றேன்.

அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். என் மகன் உட்கார்ந்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கினான். மதினி வாயைத் திறக்கச் சொல்லவில்லை.

மறுநாள் காலை, ஆர்டர் நிறைய நிற்கிறது என்று சொல்லி துணிமூட்டையைக் கட்டினார். பஸ் ஏறும்போது என் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்காமல் இருந்ததற்குப் பயம் காரணமா வருத்தமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் யாரிடமாவது சொன்னாரா என்பதும் தெரியாது. ஆட்கள் வருவது குறைந்தது. சொல்லாவிட்டாலும் குறைந்திருக்கலாம், நோய் இழுத்துக்கொண்டே போனால் யார்தான் வந்துகொண்டே இருப்பார்கள்? வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புகள் மட்டும் கிடந்தன. முதல் சில நாட்கள் அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் தினமும் காலையில் மதினியிடமிருந்து போன் வருகிறது. டாக்டரைக் கேட்டு மாத்திரையைக் காலைக்கு மாற்றியதை மகன்தான் அவரிடம் சொல்லியிருக்கிறான். “போட்டானா?” என்று மதினி கேட்பார். போட்டான் என்பேன். “சரி” என்று வைத்துவிடுவார். மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். வேறு ஒரு வார்த்தை கிடையாது.

இடையில் விட்டதால் ரத்தத்தில் கிருமி தலை தூக்கியிருந்தது. டாக்டர் ஒரு கீமோவைத் தள்ளிப்போட்டார். அந்த இடைவெளியில் நான் சாப்பிட்டேனா, வேலைக்குப் போனேனா என்று ஞாபகமில்லை. பிறகு எடுத்த பரிசோதனையில் மாத்திரை வேலை செய்வது தெரிந்தது. கீமோ மறுபடி தொடங்கியது.

அன்று ரயிலில் ஏறியபோது துண்டு விரித்திருந்தது. மேலே பலகையில் ஒரு பைகூட இல்லை. அவள் மகன் முகக்கவசம் போட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடியிருந்தான். மெலிந்து போயிருந்தான். பார்க்க வந்த யாரோ சளியோடு வந்திருக்கிறார்கள், இவனுக்குக் காய்ச்சல் ஏறி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாகிவிட்டது, இவனுக்கும் கீமோ தள்ளிப்போய்விட்டது என்று அவள் சொன்னாள். இப்போது யாரையும் வீட்டுக்குள் விடுவதில்லையாம். கணவர் கடையிலேயே வைத்து எல்லாருக்கும் பதில் சொல்லி அனுப்புகிறாராம். எங்கள் வீட்டுக்கும் இப்போது யாரும் வருவதில்லை என்றேன்.

“உங்களுக்கென்னக்கா” என்றாள். “கதவச் சாத்திக்கிட்டு நீங்களும் பிள்ளையுமா நிம்மதியா இருக்கீக. எங்களுக்குத்தான் அது வாய்க்கல.”

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். இத்தனை மாதம் என் தொண்டைக்குள் இருந்த குரல். என் வீட்டு வாசலைப் பார்த்தும் ஒருத்திக்குப் பொறாமை வரும் என்று நான் நினைத்ததில்லை.

வண்டி கிளம்பியது. மகன் தோள்பையை மடியில் வைத்திருந்தான். வண்டி ஆட ஆட, பைக்குள் மாத்திரைகள் கலகலவென்று உருண்டன. நான் இப்போது பஞ்சு வைப்பதில்லை. பஞ்சைப் பார்த்தாலே, கலையாத அந்த மடிப்பு ஞாபகம் வரும். அவன் டப்பாவை வெளியே எடுத்து, ஒன்றை உள்ளங்கையில் தட்டினான்.

அவள் எட்டிப் பார்த்தாள். “இது என்ன மாத்திரைக்கா? டாக்டர் எங்களுக்கு எழுதலையே. புதுசா வந்ததா?” பிறகு என் முகத்தையே பார்த்து, “எங்களுக்கு மட்டும் ஏன் எழுதல?” என்றாள்.

சத்து மாத்திரை என்று சொல்லலாம். வாயில் வந்துவிட்டது. அதற்குள் மகன் சொன்னான்.

“இது வேற நோய்க்கு, ஆன்ட்டி. பொறந்ததுலருந்து எனக்கு இருக்கு. ஒங்க பையனுக்கு வேண்டாம்.”

அவள் டப்பாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் ஃபிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் வெந்நீர் ஊற்றி அவனிடம் நீட்டினாள்.

“வெறும் வயித்துலயா போடுத?”

“இல்ல ஆன்ட்டி, இட்லி சாப்ட்டேன்.”

வாங்கிக் குடித்தான். மாத்திரை இறங்கியது. அவள் இன்னும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு உள்ளுக்குள் பழையபடி ஏதோ கூர்மையாக எழுந்தது. அவன் மூடியை அவளிடம் திருப்பிக் கொடுத்தான். பிறகு என் பக்கம் திரும்பி, நாக்கை முழுசாக நீட்டிக் காட்டினான்.